உதார் முதல் ஜகா வரை: வெட்டி வீராப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீரனைப் புகழத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டீக்கடையில் அதிகம் புழங்குவது வேறு வகை: வீரன் மாதிரி கிளம்பி, பாதி வழியில் மாட்டிக்கொண்டவனைக் கிண்டல் செய்யும் சொற்கள். வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள், ஊர் மாறி வந்தவர்கள், சில சமயம் உள்ளூர்க்காரர்களேகூட இவற்றைப் பற்றிக் கேட்பதுண்டு. கெட்ட வார்த்தைகளை ஒதுக்கிவிட்டேன். ஒரே ஒரு பழமொழிக்கு மட்டும் விலக்கு.

உதார், பந்தா, சவடால், பீலா எல்லாம் ஒன்றுதானே?

கிடையாது. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள்.

உதார் விட எதிரில் ஓர் ஆள் வேண்டும். அவனைப் பயமுறுத்துவதுதான் நோக்கம். "நான் யாருன்னு தெரியுமா? ஒரு போன் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்பது சுத்தமான உதார். அந்தப் போன் கடைசிவரை போடப்படாது. பந்தாவுக்கு எதிராளி வேண்டாம், வேடிக்கை பார்க்க நாலு பேர் இருந்தால் போதும். ராத்திரி எட்டு மணிக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, விரலில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு வருகிறானே, அது பந்தா. இதில் யாருக்கும் அடி விழாது.

சவடாலும் பீலாவும் வாய் வேலை. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, வினைமுற்றைப் பார்ப்பது. "நாளைக்கு வரட்டும், தூக்கிப் போட்டு மிதிக்கிறேன்" என்றால் சவடால். "போன வருஷம் நாலு பேரைத் தூக்கிப் போட்டு மிதிச்சேன்" என்றால் பீலா. ஒன்று இனி நடக்கப்போவதில்லை, மற்றது எப்போதும் நடந்ததில்லை. பீலாவுக்கு ரீல், கப்சா என்று கூடப்பிறந்தவர்கள் உண்டு.

கெத்து மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அது பாராட்டு. "அவன் கெத்துடா" என்றால் சம்பாதித்த மரியாதை. "கெத்து காட்டுறான்" என்று வினை சேர்ந்ததும் அது பந்தா பக்கம் சாய்ந்துவிடும்.

வெத்துவேட்டு என்று யாரைச் சொல்வது?

சத்தம் பெரிதாக இருந்து, காரியம் ஒன்றுமில்லாதவனை. துப்பாக்கியில் குண்டு போடாமல் மருந்தை மட்டும் கிட்டித்துச் சுட்டால் ஊரே அதிரும், ஒரு காக்கைகூட விழாது. அதுதான் வெற்று வேட்டு. ஆகவே சத்தமும் போடாமல் சும்மா இருப்பவனை வெத்துவேட்டு என்று திட்டுவது தப்பான பிரயோகம். திரி கருகியும் வெடிக்காமல் போனவன் "நமத்துப்போன பட்டாசு". ஆரவாரமாய்த் தொடங்கிச் சட்டென்று அடங்கிப்போன காரியம் "புஸ்ஸுன்னு போச்சு". தீபாவளி நாட்டில் இவ்வளவு நுணுக்கம்கூட இல்லாவிட்டால் எப்படி?

சொன்னதை உண்மையிலேயே செய்து அடிபட்டு வருபவனுக்கு என்ன சொல்?

இங்கேதான் தமிழ் களைகட்டுகிறது. சொல்லிவிட்டுச் செய்யாதவனைவிட, யாரும் கேட்காமலே போய்ச் செய்து மாட்டிக்கொண்டவன்மேல்தான் நம் ஆட்களுக்குப் பிரியம் அதிகம்.

முதலிடம் ஓணானுக்கு. "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னா?" ஓணான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேட்டி பாட்டுக்கு இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தவன் இவன். பழமொழியைப் பாதியில் நிறுத்தி, "ஓணான்" என்று மட்டும் சொன்னாலே எங்கள் பக்கம் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது "சொந்த செலவுல சூனியம்". சூனியம் என்பது அடுத்தவனுக்குக் காசு கொடுத்து வைப்பது. தன் காசைக் கொடுத்துத் தனக்கே வைத்துக்கொண்டவனை என்ன செய்வது? சென்னையின் "தனக்குத்தானே ஆப்பு" இதன் தம்பி. இந்த ஆப்பின் வேர் பழையது. பஞ்சதந்திரத்தில், பாதி அறுத்த மரத்தின் பிளவில் தச்சர்கள் செருகிவிட்டுப் போன ஆப்பை ஒரு குரங்கு போய் அசைக்கும். பிடுங்கியதும் பிளவு மூடிக்கொள்ளும், குரங்கு நடுவில் மாட்டும். "ஆப்பசைத்த குரங்கு" என்று தாத்தா சொன்னதைத்தான் பேரன் "ஆப்பு வாங்கிட்டான்" என்கிறான்.

"ஏழரையைக் கூட்டாதே" என்பது இன்னொன்று. ஏழரைச் சனி தானாக வந்தால் சகித்துக்கொள்ளலாம். இவன் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறான்.

"வான்டடா வண்டியில ஏறுறது" எங்கிருந்து வந்தது?

வடிவேலுவிடமிருந்து. 2006-இல் வந்த 'தலைநகரம்' படத்தில் அவர் நாய் சேகர். ரவுடி என்று பெயர் வாங்கும் ஆசையில், போலீஸ் பிடிக்காமலே தானாகப் போய் வண்டியில் ஏறிக்கொள்ளும் ஆள். படம் பார்க்காதவர்களும் இன்று இதைச் சொல்கிறார்கள். கேட்காமலே கூடுதல் வேலைக்குக் கை தூக்கியவன், பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணப் போனவன் எல்லாரும் வான்டடாக வண்டி ஏறியவர்கள்தான். 2003-இல் வந்த 'வின்னர்' படத்துக் கைப்புள்ளையும் இப்படித்தான் பொதுச்சொல் ஆனான். சங்கம் வைத்துத் தலைவனாகி, அடி வாங்கும் முறை வரும்போது முதல் ஆளாக நிற்கிறவன் எங்கிருந்தாலும் அவன் கைப்புள்ள.

கடப்பாரை நீச்சல் என்று ஒரு நீச்சல் உண்டா?

உண்டு, ஒரே ஒரு முறைதான் போட முடியும்.

கிராமத்துக் கிணற்றடிக்குக் கோடையில் போனால் இந்தப் பேச்சு காதில் விழும். பம்புசெட் ரூம் மேல் நாலு பையன்கள் நிற்பார்கள். கீழே கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் பச்சையாய்த் தெரியும். ஒருவன் ஓடிவந்து குட்டிக்கரணம் போட்டு விழுவான், தண்ணீர் சுவரில் மோதிச் சளப்பென்று சத்தம் வரும். அடுத்தவன் படியிலிருந்து குதிப்பான். மூன்றாவது ஆள் நகரத்திலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகன். சட்டையைக் கழற்றி மடித்து வைப்பான், கையை நீட்டி மடக்குவான், விளிம்புவரை வந்து எட்டிப் பார்ப்பான். "எனக்கெல்லாம் இது ஜுஜுபி" என்பான். மறுபடி சட்டையை எடுத்து மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். கீழே மிதப்பவன் மேலே பார்த்துக் கேட்பான்: "அண்ணே, நீச்சல் தெரியுமா, இல்ல கடப்பாரை நீச்சலா?"

கடப்பாரையைத் தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போய் நிற்கும். அவ்வளவுதான் விளக்கம். கேட்டுவிட்டார்கள் என்றால் அவனுக்கு நல்ல காலம். இடுப்பில் கயிறோ, சுரைக்குடுக்கையோ, காலி பிளாஸ்டிக் கேனோ கட்டி இறக்கிவிடுவார்கள். கேட்காமல் விட்டிருந்தால்தான் பிரச்சினை. "ஆழம் தெரியாம காலை விடாதே" என்பதைப் பள்ளிக்கூடத்தில் பழமொழியாகப் படிக்கிறோம். கிணற்றடியில் அது அளவு குறிப்பு.

சென்னையில் ரோட்டைக் கடக்கும்போது "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்கிறார்களே, ஏன்?

வீட்டில் உங்களைத் தேடுவார்களே என்கிற அக்கறைதான்! பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் கையை மட்டும் காட்டிக்கொண்டு பாய்ந்தால், பிரேக் அடித்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி இதைத்தான் கேட்பார். கூடவே "சாவுகிராக்கி" வரும். ஆட்டோ பாஷையில் கிராக்கி என்றால் சவாரி தருகிறவர். நீங்கள் எமனுக்குச் சவாரி தர வந்த கிராக்கி.

துணிச்சலின் முடிவைச் சொல்லும் நம் கிண்டல்கள் பெரும்பாலும் சாவு வீட்டுச் சாமான்களால் ஆனவை. "சங்குதான்", "பால்தான்", "போஸ்டர் அடிச்சிரலாமா?", "எந்த போட்டோ கொடுக்கட்டும்?" சாவில் சங்கு ஊதுவது, மறுநாள் பால் தெளிப்பது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் ஊரில் எல்லாரும் பார்த்துப் பழகியவை. அதனால்தான் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் பைக் ஓட்டுபவனிடம் சாலை விதி பற்றிப் பேசுவதைவிட, "மாப்ள, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நல்லதா ஒண்ணு எடுத்து வச்சுக்கோ" என்பது உறைக்கிறது. ஆனால் அண்மையில் சாவு நடந்த வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் இந்த வரிசையைத் தொடவே தொடாதீர்கள்.

சண்டையில் "விடுங்கடா என்னை" என்று கத்துபவனை யார் பிடித்திருக்கிறார்கள்?

பல சமயம் யாருமில்லை. அதுதான் வேடிக்கை.

தெருச் சண்டைக்கு ஒரு சடங்கு வரிசை இருக்கிறது. முதலில் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுதல். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விடுதல் (புதுச் செருப்பென்றால் ஒருவன் கையில் கொடுப்பதும் உண்டு). கைக்கடிகாரம், செல்போன் நண்பனிடம் போகும். மீசையை ஒருமுறை தடவிக்கொள்வான். வேகம் கூடினால் மல்யுத்தக்காரர்களைப் போலத் தொடையைத் தட்டுவான். இவ்வளவும் நடந்தபின் பாயவேண்டியதுதான் பாக்கி, அந்த நேரம் பார்த்து "விடுங்கடா என்னை!" என்று குரல் வரும். பிடிக்க வேண்டியவன் டீ குடித்துக்கொண்டு நிற்பான். "டேய், பிடிங்கடா என்னை, இல்லேன்னா அடிச்சிருவேன்" என்று மெதுவாக நினைவுபடுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஆளுக்கு வட்டாரப் பெயர்கள் பல: டம்மி பீஸ், அட்டக்கத்தி, வாய்ச்சொல் வீரர். கடைசிப் பெயர் பாரதியார் 'நடிப்புச் சுதேசிகள்' பாட்டில் "வாய்ச்சொல்லில் வீரரடி" என்று வைத்தது. அவர் அரசியல்வாதிகளுக்கு வைத்தார், தெரு எல்லாருக்கும் பொதுவாக்கிக்கொண்டது.

உசுப்பேத்துவது யார் வேலை?

உடன் இருப்பவர்கள் வேலை. தனியாக இருக்கும் மனிதன் அவ்வளவாக வீரம் பேசுவதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

"உன்னைப் போய் அப்படிச் சொல்லிட்டானே மாப்ள, நானா இருந்தா..." என்று தொடங்கும் வாக்கியம் எதுவானாலும் அது உசுப்பேத்தல். "நானா இருந்தா" என்பவன் கடைசிவரை இவனாக இருக்கப்போவதில்லை. ஜல்லிக்கட்டு வட்டாரத்தில் இதையே "கொம்பு சீவி விடுறது" என்பார்கள். குத்தப் போவது மாடு, குத்துப்படப் போவது வேறு ஆள், சீவியவன் தடுப்புக்குப் பின்னால் நிற்பான்.

"தண்ணி தெளிச்சாச்சு" என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கோயிலில் கிடா வெட்டும் முன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலிர்த்தால் சாமியும் கிடாவும் சம்மதம் என்று கணக்கு. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும். நண்பர்கள் நாலு பேர் தோளைத் தட்டி, "நீ ஒருத்தன் போதும்டா" என்று அனுப்பும்போது, ஐந்தாவது ஆள் ஓரமாக நின்று "தண்ணி தெளிச்சுட்டாங்கடா" என்று முனகுவான். இதே சொல் "திருத்த முடியாது என்று கைவிட்டாயிற்று" என்ற பொருளிலும் வரும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

"இது நடக்கலேன்னா ஒரு பக்க மீசையை எடுத்துக்குறேன்" என்பது வெறும் சவடால்தானா?

சவடால்தான், ஆனால் பரம்பரைச் சவடால். தோற்றால் எனக்கு என்ன தண்டனை என்பதையும் சேர்த்துச் சொல்வது சங்ககாலத்திலேயே உண்டு. அதற்கு வஞ்சினம் என்று பெயர். தலையாலங்கானத்துப் போருக்கு முன் பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் 72-ஆம் பாட்டு இருக்கிறது. தன்னை இளையவன் என்று சிரித்த பகைவர்களை வெல்லாவிட்டால், என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிதூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான்.

அவன் வென்றான். அதனால் அது வஞ்சினம். தோற்றிருந்தால்? நம் ஆள் மீசையை எடுக்காமல் அடுத்த வாரம் வந்து நிற்கும்போது, "என்னப்பா, பிளேடு கிடைக்கலையா?" என்று கேட்கிறோம் அல்லவா, அந்த மாதிரி யாராவது கேட்டிருப்பார்கள். "என் பேரை மாத்திக்கிறேன்" என்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர்கள் எல்லாரும் அதே ஆதார் அட்டையோடுதான் உலவுகிறார்கள்.

ஜகா வாங்குவது, பம்முவது, பல்டி அடிப்பது: வேறுபாடு என்ன?

ஜகா வாங்குவது என்றால் வேலை தொடங்கும் நேரத்தில் நழுவுவது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நீங்க முன்னாடி போங்க, வந்துடறேன்." பம்முவது என்றால் இடத்தைவிட்டுப் போகாமலே உருவத்தைச் சின்னதாக்கிக்கொள்வது. குரல் இறங்கும், கைலி தானாகக் கணுக்காலுக்கு இறங்கும், "டேய்" என்பது "அண்ணே" ஆகும். பல்டி என்றால் பேச்சையே புரட்டிப் போடுவது: "நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" மூன்றிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பம்முவதைத்தான் மிகவும் ரசிக்கிறார்கள், கண் முன்னால் நடப்பதால்.

விழுந்த பிறகும் வீராப்பு போகாதவனுக்கு?

"குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டல." மீசைக்கு எவ்வளவு வேலை பாருங்கள், சண்டைக்கு முன் முறுக்க, நடுவில் பந்தயம் வைக்க, பின்னால் மண் தட்ட. தோல்வியை ஒப்புக்கொள்ளாத இந்த நிலைக்குத்தான் வீம்பு என்று பெயர். வீராப்பு பிறர் முன்னால் காட்டுவது. வீம்பு தனக்குள்ளேயே பிடித்துக்கொள்வது. மறுவீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கும் மாப்பிள்ளை வீம்பு. அவர் காதில் விழும்படி பாயசத்தைப் பற்றிப் பேசுவது மாமியார் வீட்டுச் சாமர்த்தியம்.

அப்படியானால் துணிச்சல் என்றாலே தமிழில் கிண்டல்தானா?

அப்படியெல்லாம் இல்லை. சொன்னேனே ஒரு பழமொழிக்கு விலக்கு என்று, இதுதான் அது: "மயிரைக் கட்டி மலையை இழு, வந்தா மலை, போனா மயிரு." இழப்பு சின்னது, கிடைத்தால் பெரியது, அப்படிப்பட்ட துணிச்சலை யாரும் தடுப்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "போனா முடி" என்று மாற்றிச் சொல்வார்கள், தாளம் கெட்டுவிடும்.

தலைகீழான பந்தயத்தைத்தான், அதாவது மலையைக் கட்டி மயிரை இழுப்பதைத்தான் கேலி செய்கிறோம். லைக்குக்காக ஓடும் ரயில் படிக்கட்டில் தொங்குவது அந்த வகை. வள்ளுவர் இதற்கென்றே வலியறிதல் அதிகாரத்தில் மரத்தில் ஓர் ஆளை ஏற்றி வைத்திருக்கிறார். நுனிக்கொம்புவரை ஏறிவிட்டான், அதற்கு மேலும் ஏறப் பார்க்கிறான், உயிருக்கு முடிவாகிவிடும் என்கிறது குறள் 476. 428-இல் இன்னும் வெளிப்படை: "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை". பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவன் முட்டாள். டீக்கடை அகராதியில் இதற்கு "ஓவர் தில்லு உடம்புக்கு ஆகாது" என்று உரை எழுதியிருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் மாறுமா?

மாறும். மதுரைப் பக்கம் "சலம்பாதே" என்பார்கள், அங்கே லந்தும் அலப்பறையும் அதிகம். சென்னையில் உதார், "சவுண்டு விடாதே". கோவையில் லொள்ளு, குசும்பு. திட்டும்போதும் "ஏனுங்க" போகாது என்பதால், வாங்கியது திட்டு என்று புரியவே நேரம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் பம்மாத்து, புளுகு. பம்மாத்துக்காரனை இங்கே பந்தாப் பேர்வழி என்று கொள்ளலாம், கொஞ்சம் ஏமாற்றும் சேர்த்தி.

அரசியலிலும் ஆபீசிலும் எது பொருந்தும்?

அரசியலில் "டெபாசிட் காலி". சட்டமன்றத் தேர்தலுக்குப் பொது வேட்பாளர் 10,000 ரூபாயும் மக்களவைக்கு 25,000 ரூபாயும் கட்ட வேண்டும். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் பணம் திரும்பாது. "ஆட்சியைப் பிடிப்போம்" என்றவர் அதை இழக்கும்போது கிடைக்கும் சிரிப்பு தனி. இப்போது கேரம் போர்டில் தோற்றவனுக்கும் டெபாசிட் காலிதான்.

ஆபீசில் சவடாலின் பெயர் "ரெண்டு நாள்ல முடிச்சிரலாம் சார்". அதைக் கேட்டதும் பின் வரிசையிலிருந்து "வாயாலேயே வடை சுட்டாச்சு" என்று ஒரு குரல் வரும். எண்ணெய் வேண்டாம், அடுப்பு வேண்டாம்.

யாரிடம் எதைச் சொல்லலாம்?

மாப்ள, மச்சான், பங்காளி என்று அழைக்கும் உறவில் எல்லாமே செல்லும். தம்பியிடம் பெரும்பாலும் செல்லும். மேலதிகாரியிடம் "உதார் விடாதீங்க சார்" என்றால், நீங்களே வண்டியில் ஏறுகிறீர்கள். அறிமுகமில்லாதவரிடம், அதுவும் குடித்திருப்பவரிடம், கிண்டலே வேண்டாம். அவர் வெத்துவேட்டா, குண்டு போட்ட வேட்டா என்று வெளியிலிருந்து தெரியாது.

பாட்டிகளுக்கு மட்டும் இந்த விதி எதுவும் கிடையாது. பேரன், மருமகன், ஊர்த் தலைவர் யாரானாலும், திண்ணையில் வெற்றிலையை மடித்தபடி "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாம்" என்பார்கள். அவர்களிடம் பதில் உதார் விட்டு ஜெயித்தவன் எங்கள் தெருவில் இல்லை.